அரக்கு வைத்த கோப்பு

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலையில் அறுவை முடிந்ததிலிருந்து வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தையல் பிரித்தாயிற்று. "இருந்ததே நாலு முடி, அதையும் குடுத்துட்டு வந்துட்டீங்க" என்கிறாள் உங்கள் தங்கை.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. கட்டியிலிருந்து எடுத்த துண்டைச் சோதித்து அறிக்கை வந்துவிட்டது. 'பழுது நீக்கும் மரபணு மெத்திலேற்றத்தால் முடங்கியுள்ளது' என்றிருக்கிறது. முப்பத்தோரு வருடம் ஆவணக் காப்பறையில் கையால் எழுதி நகல் எடுத்தவன் நான். மூடி முத்திரை வைத்த கோப்பை அப்புறம் யாரும் தொடுவதில்லை என்று எனக்குத் தெரியாதா? பழுதுபார்ப்பே நின்றுபோன உடம்புக்கு மாத்திரை எதற்கு? 19ஆம் தேதி கதிர்வீச்சோடு சேர்த்துத் தொடங்கச் சொல்கிறார் டாக்டர். வேண்டாம் என்றிருக்கிறேன். அவளிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பயந்துகொண்டு படித்தேன். பிறகு சிவப்புப் பேனாவோடு படித்தேன். ஓய்வு பெற்றாலும் உயிரியல் வாத்தியார் வாத்தியார்தானே. முட்டை மார்க்!

உங்கள் காப்பறையையே எடுத்துக்கொள்வோம். மரபணு என்பது அலமாரியிலிருக்கும் மூலக் கோப்பு. அதிலிருந்து நகல் எடுத்து வெளியே அனுப்பினால்தான் செல்லுக்குள் வேலை நடக்கும். மெத்தில் என்பது முதல் பக்கத்தில் வரிசையாக விழுந்த அரக்குத் துளிகள். உள்ளே ஓர் எழுத்துகூட அழியவில்லை. ஆனால் நகல் எடுப்பவர் எங்கே பிரித்துத் தொடங்குவார்? நகல் இல்லை, அதனால் பழுதுபார்க்க ஆளும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், எந்தக் கோப்புக்கு அரக்கு? உங்களுடையதற்கு அல்ல, கட்டியினுடையதற்கு! மாத்திரை போய்க் கட்டியின் ஏடுகளைச் சிதைக்கும்போது, அதைச் சரிசெய்ய அங்கே ஆள் வராது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்த மாத்திரை கூடுதலாகப் பலிக்கிறது. உறுதி என்று சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்ல மாட்டார். ஆனால் நீங்கள் தூக்கிப்போட நினைத்தது நல்ல செய்தியை.

என் தங்கையிடம் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அறிக்கையை நீங்களே அவள் கையில் கொடுங்கள். 19ஆம் தேதிக்கு முன்னால்.

அன்புடன்,
மச்சான்


மே 3

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அறிக்கையை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு, "இத்தன நாளா இத மடிச்சு வச்சிக்கிட்டா என்கூட சிரிச்சீங்க?" என்றாள். 19ஆம் தேதி காலையில் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் விழுங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

கதிர்வீச்சு முடிந்தது, மாத்திரை தொடர்கிறது. வாந்தி, சோர்வு எல்லாம் உண்டு. டாக்டரும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். உதாரணம் சொல்லாததால் எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை.

நேற்று ஸ்கேன் அறிக்கை வந்தது. கட்டி வளரவில்லை. 'இப்போதைக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். இருக்கட்டும். ஜெராக்ஸ் எடுக்கலாம் என்றாள் உங்கள் தங்கை. முப்பத்தோரு வருடத் தொழிலை விட முடியுமா? என் கையாலேயே நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. ஆறாவது வரியில் மட்டும் கை அடம்பிடித்து எழுத்து சாய்ந்திருக்கும்.

நகலின் கீழே கையெழுத்தைப் பாருங்கள். மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்: உங்கள் தங்கை.

உங்கள் மாப்பிள்ளை