மாமாவின் பாங்கும் இரண்டு வரி மெனுவும்

ஜூன் 5, 98. வெள்ளி

கச்சான் காற்று. வீடெல்லாம் மணல், சோற்றிலும் மணல்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா வந்தார். என் புருஷன் நசீரின் வாப்பா. கடற்கரைப் பள்ளிவாசலில் மோதினாராக இருந்தவர். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்ன குரல் ஊருக்கே தெரியும். தொண்டையில் ஒப்பரேஷன், குரல் போய்விட்டது. அதற்குக் கொழும்புக்குப் போக முதல்நாள் மைக் வைத்து அவர் பாங்கைக் கம்ப்யூட்டரில் பிடித்தேன். வெள்ளிதோறும் அதைக் கேட்க வருகிறார். கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு. உதடு மட்டும் அசையும். இன்று மூன்று தரம் போடச் சைகை காட்டினார்.

மாமி தந்துவிட்ட தயிர் நல்ல கெட்டி.

ஜூன் 8, திங்கள்

9-பி கணக்குத் தாள் இன்னும் திருத்தவில்லை.

சுகந்தி டீச்சர் லினக்ஸ் சீடி கொண்டுவந்தாள். (பெரியநீலாவணையிலிருந்து வருபவள். நானும் அவளும்தான் ஸ்கூலில் கணக்கு.) கம்பஸில் படிக்கும் தம்பியுடையது. வெள்ளிக்கிழமை அவன் திரும்பிப் போகிறான், அதற்குள் கொடுக்க வேண்டும்.

"விண்டோஸ அழிக்கத் தேவல்ல டீச்சர். ஹார்ட் டிஸ்க ரெண்டாப் பிரிச்சா ஒரு பக்கம் அது, மத்தப் பக்கம் இது. ஆனா உள்ளதெல்லாம் முதல்ல கொப்பி எடுத்துப் போட்டுத்தான் செய்யணும்."

"ஓம், ஓம்" என்றேன்.

இரவு ந.விடம் சொன்னேன். முகம் சுருங்கிப் போச்சு.

"வாப்பாட குரல் அதுக்குள்ள இரிக்கி. கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகக்குள்ள பெட்டியக் கொண்டுபோய் சீடியில ஏத்திக்கிட்டு வாறன். அதுவரைக்கும் நீ ஒண்டும் நோண்டாத."

புடவைக்கடைக்காரர். பிரிப்பது என்றால் கத்தரிக்கோல்தான் ஞாபகம் வரும்.

ஜூன் 11, வியாழன்

எழுதினால் மனம் ஆறுமோ என்று எழுதுகிறேன்.

ஸ்கூல் விட்டு வந்ததும், ந. கடையில் இருக்கும்போதே தொடங்கினேன். பாங்கைப் பிளாப்பியில் ஏற்றப் பார்த்தேன், கொள்ளவில்லை. துண்டு துண்டாக ஏற்றியிருக்கலாம். அலுப்பு. பிரிக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். நீலக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. பாதிக்குக்கூட வரவில்லை, பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மரண அறிவித்தல். பின் ஒழுங்கை ஹலீமாத்தா மௌத்.

போகாமல் இருக்க முடியாது. ந. இடையில் வந்தால் கண்டுவிடுவார் என்று திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போனேன். மேசைக்கடியில் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், சாரன் மாற்றித் தொப்பி எடுக்க. மௌத் வீட்டுக்குப் போகும்போது இங்கே எல்லோரும் செய்வதுதான்: யன்னலைச் சாத்தி, மெயினை அடித்துக் கரண்டை நிறுத்தி, கதவைப் பூட்டிவிட்டுப் போவது. அதையே செய்தார்.

திரும்பி வந்து போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. டிஸ்க்கே இல்லை என்கிறது. ந. பின்னால் வந்து நின்றார்.

"என்ன, பழுதாப் போயிட்டா?"

"பிரிச்சிக்கிட்டிருந்தன். இடையில கரண்ட் போயிட்டு."

"அல்லாவே, நான்தானே மெயின அடிச்சன்." தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "வாப்பாக்கு நான் என்னெண்டு சொல்ற?"

ஏன் நோண்டினாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். திரையை அணைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

பாங்கைக் கசட்டில் பிடிப்போம் என்றுதான் அவர் அன்று சொன்னார். கசட் இழுபடும், கம்ப்யூட்டரில் கிடந்தால் கெடாது என்றது நான். பெரிய கெட்டிக்காரி.

ஜூன் 12, வெள்ளி

காலையில் சு. வந்தாள். என்னென்னவோ தட்டிப் பார்த்தாள். "வராது டீச்சர். புதுசாத்தான் போடணும்."

போடு என்றேன். விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் மற்றப் பக்கம். இப்போது கம்ப்யூட்டரைப் போட்டதும் இரண்டு வரி வந்து எது வேண்டும் என்று கேட்கிறது. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை. சீடியை எடுத்துக்கொண்டு போனாள்.

வாங்க: அரிசி மா, டோர்ச் பெட்டரி 2, சிவப்புப் பேனை.

ந. ஜும்ஆவுக்குப் போனவர் சாப்பிட வரவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம். கடைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

மாமா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். காதைத் தொட்டுக் காட்டினார்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். முதல் வரி, விண்டோஸ். பாங்கு இருந்த இடத்தைத் திறந்து காட்டி, "இல்ல மாமா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அணைத்து மறுபடி போட்டேன். இரண்டு வரி வந்ததும் இரண்டாவதில் விரலை வைத்தார், இதற்குள் இருக்கும் என்பதுபோல. அதையும் திறந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.

"இதிலயும் இல்ல மாமா. நான்…"

பள்ளிவாசலில் அசர் பாங்கு தொடங்கியது. புது மோதினார். மாமா கையை உயர்த்தினார். பாங்கு நேரம் யாரையும் கதைக்க விடமாட்டார். உதடு அசைந்தது. முடிந்ததும் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார், சொல்லு என்று.

"நான்தான் அழிச்சிட்டன் மாமா. அவர்ல பிழையில்ல. அவருக்குத் தெரியாம ஓடவிட்டு, திரையையும் அணைச்சிட்டுப் போனது நான்."

கேட்டார். கோபமே இல்லை. கோபித்திருக்கலாம்.

பிறகு கையை நீட்டி, திரையில் முதல் வரி இருந்த இடத்தைத் தொட்டார். இன்னொருக்காப் பார் என்கிறார்.

அணைத்து மறுபடி போட்டேன்.