தண்ணீர் பிடிக்கப் போகிறவர்

மே 11

வீட்டைக் காலி செய்துவிட்டு வேனிலேயே குடித்தனம் என்று ஆன பிறகு இது முதல் கோடை. கோமுகி அணைப் பக்கம் நிறுத்தியிருக்கிறோம். மத்தியானம் உள்ளே உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்க இவர் கேனோடு கச்சிராயபாளையம் போனால், திரும்பி வர மூன்று மணி நேரம். குழாயடியில் கூட்டம் என்பார். பாவம் என்று நானும் எலுமிச்சம்பழம் பிழிந்து வைப்பேன்.

இன்று கச்சிராயபாளையத்தில் இருக்கும் இவர் தங்கை போனில் கேட்டாள்: "இன்னா அண்ணி, தெனம் மத்தியானம் அண்ணன் மட்டும் நம்ம வூட்ல ஃபேன் போட்டு தூங்கிட்டுப் போவுது. நீங்களும் வரலாம்ல?"

"நமக்கு இனிமே வேன்தான் வூடு" என்று என் கட்டிலை விற்க வைத்த மனிதர்!

இப்போது பக்கத்தில் புரண்டுகொண்டிருக்கிறார். தூக்கம் வரவில்லையாம். எப்படி வரும்?

நாளைக்குத் தண்ணீர் பிடிக்க நான் போகிறேன்.