குடும்பப் பிடித்தம்

ஜூன் 4

குட்டியின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் செருப்புக் கடையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சம்பளச் சீட்டில் இதுவரை கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பேன். ஒரு காலத்தில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவன், தன் சீட்டை வரிவரியாக வாசிக்கக் கூசாதா? இந்த மாதம் கைக்கு வருவது குறைந்திருந்தது. அதனால் மேலே கண்ணை ஓட்டினேன். 'பிடித்தங்கள்' என்று போட்டு வரி, ஓய்வு நிதி, சீருடை என்று வரிசையாக இருந்தது. அதற்கும் கீழே 'குடும்பம்' என்று ஒரு வரி. போன மாதச் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன், ஏறியிருந்தது அதில்தான்.

குடோன்காரரிடம் காட்டினேன். "அண்ணே, இது கோர்ட்டு பிடிக்கிறது. பொண்டாட்டி ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டா கம்பெனியே பிடிச்சு நேரா அனுப்பிடும். என் சகலைக்கும் இப்படித்தான்" என்றார். காலுறை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நாள் முழுக்க ஊரார் காலடியில் மண்டியிட்டு, செருப்பு மாட்டிவிட்டுச் சம்பாதிக்கிறேன். அதில் எனக்குத் தெரியாமல் கை வைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? என்னிடம் கேட்க வெட்கப்பட்டவளுக்கு கோர்ட்டுப் படி ஏற வெட்கமில்லையா?

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


ஜூன் 13

குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே அண்ணன் வீட்டில் உங்கள் கடிதத்தை அண்ணிதான் பிரித்தாள். கூடத்தில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லார் காதிலும் விழும்படி வாசித்தாள். "அப்போ மாசாமாசம் பணம் வருது. நம்ம சோத்தையும் தின்னுட்டு மூச்சு விடலையே!" என்றாள். என் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். நாலு புடவை, குட்டியின் கல்யாணப் படம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவள் கேட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. உங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை. நம் துணிக்கடை மூழ்கினதற்காக நான் வீட்டைவிட்டு வந்தேன் என்று இன்னமும் நினைக்கிறீர்களா? கடை எல்லாருக்கும்தான் மூழ்கும். கடன்காரர்கள் வாசலில் நின்று கத்தித்தான் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள்கூட "வியாபாரம் ஓஹோன்னு போகுது" என்று சொன்னீர்கள். அதற்காகத்தான் வந்தேன்.

பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் பல மாதமாகச் சொல்கிறார். அண்ணனிடம் கேட்கலாம் என்று வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன். இனி திறக்கவே வேண்டியதில்லை. நல்ல புண்ணியம் கட்டிக்கொண்டீர்கள்.

சீட்டில் இருப்பது புரியவில்லை என்றால் சீட்டு கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டும். குடோனில் போயா கேட்பார்கள்?

குட்டியின் அம்மா


ஜூன் 22

குட்டியின் அம்மாவுக்கு,

இதை எழுதும்போது கை ஓடவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

கணக்குப் பிரிவு மாடியில் இருக்கிறது. நான் ஒருநாளும் அங்கே ஏறினதில்லை. இன்று ஏறினேன். அங்கே இருக்கும் பெண்ணுக்கு நம் குட்டி வயதுதான் இருக்கும்.

"கோர்ட்டா? எந்தக் கோர்ட்டு சார்? இது குடும்ப மருத்துவக் காப்பீடு. கட்டணம் இந்த மாசம் எல்லாருக்குந்தான் ஏறியிருக்கு. சேரும்போது நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?" என்று கோப்பை என் பக்கம் திருப்பினாள்.

என் கையெழுத்துதான். சேர்ந்த அன்று வேலைக்கு வந்த இளவட்டங்கள் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனவன் என்று அவர்கள் முன்னால் எழுத எனக்குக் கை வரவில்லை. 'குடும்பம்' என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். எழுதினதை அப்படியே மறந்தும் போனேன். அன்று முதல் உனக்காகத்தான் அந்தப் பணம் பிடிபட்டு வந்திருக்கிறது. அதற்குத்தான் உன்னைத் திருடி என்று எழுதாத குறையாக எழுதினேன்.

"அவங்க என்கூட இல்லம்மா. பிரிஞ்சுதான் இருக்கோம்" என்றேன். இதை வெளியாள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைப் பார்க்காமல், "விவாகரத்து ஆயிடுச்சா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ செல்லும். கார்டு எப்பவோ வந்து கிடக்கு, நீங்கதான் வாங்கிக்க வரல" என்று இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கீழே வந்து குடோன்காரரிடம் சொன்னேன். காலுறைப் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன். "என் பெண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் படிக்காம பேசிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிக்கவும் கூசியது.

கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. உன் அண்ணனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அதையும் அண்ணியே பிரிக்கட்டும், கூடத்தில் நின்றே வாசிக்கட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதை உன்னிடம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

குட்டியின் அப்பா


ஆகஸ்ட் 2

குட்டியின் அப்பாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். குண்டுமணி அளவுதான். அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றிருந்தது. பதினைந்து நாள் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்கிறார்கள். குட்டி வந்து கூடவே இருக்கிறாள்.

அண்ணனுக்கு வந்த கடிதத்தை அண்ணி வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. மீதியை அண்ணன் வாங்கி வாசித்தார். மறுநாள் காலையில் அவரே ஆட்டோ கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு நாள் குறிக்க என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இறங்கும்போது, "என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா" என்றார். கேட்க முடியாதபடி வைத்திருந்தது யார் என்று எனக்கும் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

கார்டை நீட்டும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது கூடவே இல்லாத மனுஷனின் சம்பளத்தில் ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறோமே என்று. பிறகு, பிடித்தது பிடித்ததுதானே, வீணாகப் போவானேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்னும் ஆகவில்லை. ஆனால் பிரிந்து இருக்கிறோம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னீர்கள் பாருங்கள், அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். துணிக்கடை மூழ்கும்போது அந்த வாயை ஒரு தடவை திறந்திருக்கக் கூடாதா?

உள்ளே கொண்டுபோகும் முன்னால் ஒரு நர்ஸ் வந்து, "ஏதாவது அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டாள். அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் உங்கள் நம்பரைச் சொன்னேன்.

கூப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

குட்டியின் அம்மா