ஒரு நிறுத்தம் முன்னதாக

மார்ச் 3, திங்கள்

அண்ணனை இன்று எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பக்கவாதம் வந்த கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சும் திரும்பிவிட்டது. இனி தனியாகச் சமாளிப்பானா என்பதுதான் கேள்வி. அண்ணி தவறிப்போனதிலிருந்து அவன் தனியாகத்தான் இருக்கிறான்.

இங்கே பொழுதுபோக்குச் சிகிச்சை என் பொறுப்பு. விளையாட்டு, பாட்டு, தோட்டம், கடைக்குப் போய் வருவது என்று எதையாவது பிடித்து ஆளை மறுபடி நடமாட வைக்கும் வேலை. வந்ததும் ஒவ்வொருவரையும் மதிப்பிடுவோம். என்ன பிடிக்கும், என்ன முடியும், எதில் உதவி வேண்டும் என்று.

பெரிய டாக்டர் கூப்பிட்டு, “சொந்தக்காரங்களை நீங்க மதிப்பிடக் கூடாது, தெரியும்ல?” என்றார். தெரியாமல் என்ன, அந்த விதியை எழுதியதே நான்தான்! என்னிடம் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் அண்ணனை ஒப்படைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

இருக்கிற தலைவலி போதாதென்று இன்னொன்று. பயிற்சி மாணவர்களுக்கு இருபதாம் தேதி நான் பேச வேண்டுமாம். தலைப்பு: நம் துறையில் மதிப்பீடு வளர்ந்த வரலாறு. மறுநாளே அண்ணனுக்கான கூட்டம். அவன் சொந்த வீட்டுக்குப் போகலாமா, என் வீட்டுக்கா, இல்லை நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கா என்று அன்று முடிவு செய்வார்கள்.

இல்லத்துக்கு நான் விடமாட்டேன். விடவே மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் அந்தப் பெண்ணுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்துவிட்டான். நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் அளக்கிறாளாம். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்து நான் ‘டீச்சர்’.

சிரித்துக்கொண்டே போனவள் வயிறெரியத் திரும்பினேன். விருப்பப் பட்டியலில் ஒன்று விடாமல் டிக் அடித்திருக்கிறான். நீச்சல், ஓவியம், நாடகம், பறவை பார்த்தல்.

“உனக்கு நீச்சல் தெரியுமாண்ணா?”

“தெரியாது. பிடிக்கலைன்னு சொன்னா மார்க்கைக் குறைச்சிடுவாங்கல்ல? பாஸாகி வீட்டுக்குப் போகணும் டீச்சர்.”

காலமெல்லாம் பேருந்து ஓட்டியவன்; அன்று ஓட்டுநர் உரிமத்துக்குப் பரீட்சை எழுதியது போல இதையும் எழுதியிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன்.

உரைக்காகப் படித்ததில் இதே கூத்து இருக்கிறது. போர்க்கால மருத்துவமனைகளில் காயம்பட்ட சிப்பாய்களிடம் தன்னார்வலர்கள் சீட்டுக்கட்டையும் பந்தையும் கொடுத்தார்கள். இவனுக்கு என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதியதெல்லாம் குறைவு. பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள். விருப்பப் பட்டியல்கள் வந்தன. பட்டியல் நீண்டுகொண்டே போனது. பதில் சொல்பவன் கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொன்னால்?

மார்ச் 10, திங்கள்

டிக் அடித்த பாவத்துக்கு ஓவிய வகுப்பில் உட்காரவைத்திருக்கிறார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தூரிகையைப் பிடித்தபடி சும்மா இருக்கிறான். ஸ்கேல் “நீலம் போடலாமா?” என்றால் நீலம் போடுகிறான். “போதுமா?” என்றால் போதும் என்கிறான்.

ஸ்கேலின் குறிப்பு: ‘தானாக எதையும் தொடங்குவதில்லை. தூண்டினால் மட்டும்.’

அந்த வரி கூட்டத்துக்குப் போனால் கதை முடிந்தது. அப்படி ஒரு வரியைப் படித்துவிட்டு எத்தனை பேரை நானே இல்லத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன், அண்ணன் இங்கேதான் வரப்போகிறான், முன்னறையைக் காலி பண்ணணும் என்று.

“தாராளமா வரட்டும். அவர் வர்றேன்னு சொன்னாரா?”

“அதெல்லாம் கேக்கணுமா? என் அண்ணன்ங்க அவன்!”

கத்திவிட்டேன். பாவம், அவர் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, புதன்

ஸ்கேல் மதியம் என் அறைக்கு வந்தாள். “மேடம், ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?”

“படுவேன். சொல்லு.”

“நீங்க கண்ணாடி வழியா பார்க்கிறப்போல்லாம் அவர் என் கேள்விக்குப் பதிலே சொல்றதில்லை. முதல்ல உங்களைப் பார்க்கிறார். நீங்க தலையாட்டினதும்தான் வாயைத் திறக்கிறார். நான் மதிப்பிடறது அவரையா, உங்களையான்னு எனக்கே தெரியலை.”

எனக்கு வந்ததே கோபம்! நான் யார், எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், என்கிட்டயே வந்து — நான் பாட்டுக்கு அந்த வழியா நடந்து போனேன், அது ஒரு குத்தமா? என்னவெல்லாமோ சொன்னேன். அவள் நிமிர்ந்தே நின்றாள். பட்டப்பெயர் பொருத்தம்தான்.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன், நான் அப்படியா தலையாட்டுகிறேன்?

“நான் சட்டை போட்டுக்கிறதே நீ தலையாட்டின பிறகுதான்” என்றார்.

மார்ச் 13, வியாழன்

இன்று அந்தப் பக்கம் போகவில்லை. சாமான் அறைக்குக்கூடப் பின்படி வழியாகச் சுற்றிப் போனேன்.

மார்ச் 17, திங்கள்

உரை நகரவே மாட்டேன் என்கிறது. பட்டியல்களுக்கு அப்புறம் அளவுகோல்கள் வந்தன. என்ன பிடிக்கும் என்பதோடு நிற்காமல் என்ன செய்ய முடிகிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். இரண்டு பேர் அளந்தால் ஒரே எண் வருகிறதா என்று சோதித்தார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் புரட்டிய எதிலும் கதவுக்கு வெளியே தலையாட்டிக்கொண்டு நிற்கிற தங்கச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஸ்கேல் நாளைக்கு அண்ணனை வெளியே கூட்டிப்போகிறாள். கூட்டிப்போவது என்றால் அவன் முன்னால் போவான். பேருந்தில் ஏறிக் கடைத்தெருவில் சோப்பு வாங்கித் திரும்பி வர வேண்டும். இவள் நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள். ஆபத்து என்றால் ஒழிய வாயைத் திறக்க மாட்டாள்.

ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறு எங்கேயும் அவன் பேருந்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கால் இன்னும் லேசாக இழுக்கிறது. படியில் தடுக்கினால்? சில்லறையை எண்ணத் தெரியாமல் விழித்தால்?

மார்ச் 18, செவ்வாய்

எழுத உட்காரவே இவ்வளவு நேரமாகிவிட்டது.

அவர்கள் வர வேண்டிய பேருந்து வந்தது, போனது. இரண்டு பேரும் இல்லை. நான் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிறுத்தத்துக்கு ஓடினேன். அடுத்த பேருந்திலும் இல்லை. போன் செய்தேன். ஸ்கேல் கிசுகிசுத்தாள்:

“போகும்போது கடைத்தெருவுக்கு ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கிட்டார் மேடம். அதான் லேட்டு.”

“ஐயோ! கூப்பிட்டுச் சொன்னியா?”

“இல்லை. பின்னாடியே நடக்கிறேன்.”

“வழி தெரியாம இறங்கிட்டாம்மா! போய்க் கையைப் பிடி, மொதல்ல கையைப் பிடி!”

“வெச்சிடறேன் மேடம். சத்தம் கேட்டுத் திரும்பினார்னா என் முகத்தைப் பார்க்க ஆரம்பிச்சிடுவார்.”

வைத்தேவிட்டாள்! நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நடுத்தெருவில் அழுதுகொண்டு நிற்கிறேன், பின்னே பார்க்காமல் என்ன செய்வார்கள்?

ஒருவழியாக வந்து இறங்கினான். கையில் சோப்பு, முகத்தில் வேர்வை. நான் என்ன கேட்டேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. “அறிவிருக்கா உனக்கு?” என்று கேட்டேன்.

“கடைத்தெரு சிக்னல்ல இந்த நேரத்துக்கு வண்டி மாட்டிக்கும் டீச்சர். உள்ளே உக்காந்து வேர்க்கிறதுக்கு நடந்துடலாம்னு இறங்கினேன். வழியில ஒரு டீ குடிச்சேன். யாரையும் கேக்கலை.”

யாரையும் கேக்கலை. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கேல் ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வியாழன்

உரை முடிந்தது. முன்வரிசையில் ஒருவன் தூங்கினான். கடைசியில், எழுதிவைக்காத ஒன்றைச் சொன்னேன்: மதிப்பிடும்போது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்றும் குறித்துவையுங்கள், கதவுக்கு வெளியே நின்றவரையும் சேர்த்து. பெரிய டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 21, வெள்ளி

கூட்டத்துக்கு உள்ளே நான் போகக் கூடாது. மற்ற சொந்தக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் இன்றுதான் அதில் உட்காருகிறேன். முதுகு வலிக்கிறது அந்தப் பெஞ்சில். மாற்றச் சொல்ல வேண்டும்.

வெளியே வந்த ஸ்கேல் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். இல்லம் இல்லை. அந்த மட்டும் மூச்சு வந்தது. அப்புறம் சொன்னாள், எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார்களாம். “என் வீட்டில்” என்றானாம். தங்கச்சி கூப்பிடுகிறாளே என்று பெரிய டாக்டர் கேட்டாராம்.

“அவ வீட்டுக்கு விருந்தாளியாப் போறேன் டாக்டர். அங்கேயே தங்கிட்டா, நான் தண்ணி குடிக்கக்கூட அவ மூஞ்சியைப் பார்ப்பேன்.”

எனக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. முன்னறைத் திரையைத் துவைத்துக்கூட மாட்டிவிட்டேனே அண்ணா.

வாரம் ஒரு முறை ஸ்கேல் போய்ப் பார்ப்பாள். ஞாயிறு மதியம் அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான், தனியாக, பேருந்தில்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று நிறுத்தத்திலேயே போய் நின்று கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவன் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று போகக் கூடாது என்று நானே என்னைக் கட்டிப்போட்டேன். முன்னறைத் திரைக்குப் பின்னால் மட்டும் நின்றேன். அங்கிருந்து நிறுத்தம் தெரியும்.

பேருந்து வந்தது. ஒரு அம்மா இறங்கினாள், ஒரு குழந்தை இறங்கியது. பேருந்து போய்விட்டது. அண்ணன் இல்லை.

செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். “உக்காரு” என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. எப்படி உட்கார்வது? விழுந்து கிடந்தால்? தூங்கிக் கடைசி நிறுத்தம் வரை போயிருந்தால்? போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

அழைப்பு மணி அடித்தது.

நிறுத்தம் இருக்கிற பக்கத்திலிருந்து வரவில்லை. முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, மறுபக்கத்துத் தெருவழியாக நடந்து வந்திருக்கிறான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன டீச்சர், இன்னைக்கு வந்து நிக்கலை? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்லைண்ணா. உள்ளே வா” என்றேன். ஒரு செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வழிவிட்டேன்.