கண்ணாடிக் கடை பிளாக்கும் என் குதிகாலும்

பிப்ரவரி 3

கோடு இன்னும் படுத்தேதான் கிடக்கிறது. காலையில் கடைக் கதவைத் திறந்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "என்னம்மா, ஏறுச்சா?" செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு கேட்பதுபோல் தினமும் கேட்கிறார்.

பின்னால் யாரும் பேச்சு மாற்றக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். கடைப் பெயரில் நடக்கும் பிளாக்கை எழுதுவது நான். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பக்கம் பார்க்கிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் கருவி ஒன்றை அதில் இணைத்திருக்கிறேன். பெரியவர் சொன்னது இது: "ஏப்ரலுக்குள்ள அந்தக் கோடு ஏறட்டும். பின்னறையில மேசை போட்டுத் தர்றேன். உட்கார்ந்து எழுது, போன் ஆர்டரையும் பார்த்துக்க. கவுண்டருக்கு வேற ஆள் வச்சுக்கலாம்."

சின்னவரும் சம்மதிக்க வேண்டும். அவர் பெரியவருடைய தம்பி, கடையில் பாதிப் பங்கு, கணக்கு முழுக்க அவர் கையில். பிளாக் என்றாலே வேப்பங்காயைக் கடித்த முகம்.

குதிகால் தேய்ந்துவிட்டது, நிற்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கவுண்டரில் நிற்காமல் யார் சம்பளம் தருவார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

எரிச்சல் எரிச்சலாக வருகிறது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுகிறவர்களுக்கு முதல் வாரம் படிக்கட்டு ஏன் மிதக்கிறது, தலையை எப்படிச் சாய்த்தால் எழுத்து பிடிபடும் என்றெல்லாம் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து எழுதினேன். இத்தனை வருடம் நின்று கற்றுக்கொண்ட அத்தனையும் அதில் இருக்கிறது. பார்த்தவர்கள் பதினான்கு. அதில் நாலு முறை நானேதான்.

மூக்குப் பட்டை பச்சையாக மாறினால் என்ன செய்வது என்று டீ ஆறுவதற்குள் எழுதிப் போட்ட நாலு வரிக்கோ கூட்டம் அள்ளுகிறது! ஆனால் வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார்கள். நூற்றுக்கு எழுபது பேர் அடுத்த பக்கத்தைத் தொடுவதே இல்லை என்கிறது கருவி.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டுப் போறவனையுமா எண்ணி வைப்பாங்க?" என்றார். ஆமாம், எண்ணுகிறார்கள். அதை நான் உட்கார்ந்து பார்க்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 16

வலி ஏறுகிறது, கோடு இறங்குகிறது. மாறி நடந்தால் குடியா முழுகிவிடும்?

பிப்ரவரி 21

பெரியவர் யோசனை சொன்னார். "தலைப்புல 'அதிர்ச்சித் தகவல்'னு போடும்மா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"கண்ணாடியில என்னங்க அதிர்ச்சி இருக்கு?"

"விலையைப் போட்டா போதும்" என்றார் சின்னவர், கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் வேறு வழி பார்த்தேன். பிளாக்கின் தோற்றத்தை மாற்றிவிட்டேன். பழையதில் எழுத்து எறும்பு அளவு. கண் தெரியாதவர்களுக்காக எழுதுகிற பக்கம் கண் தெரிகிறவர்களுக்கே தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? புதிய தோற்றத்தில் எழுத்து பெரிது. எண்ணும் கருவியை இணைக்கும் கணினி நிரலை, 'கோட்' என்கிறார்களே அதை, ஒட்டுவதற்கென்று ஒரு கட்டமும் அதில் இருந்தது. ஒட்டிவிட்டேன்.

மார்ச் 2

ஏறிவிட்டது! ஒரு நாளைக்கு நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு என்று நொண்டிக்கொண்டிருந்த பார்வைகள் முந்நூற்றெண்பதைத் தொட்டுவிட்டன. நூற்றுக்கு இரண்டு பேர்தான் வந்ததும் திரும்புகிறார்களாம். ஆளுக்கு இரண்டு பக்கமாவது பார்க்கிறார்கள். பெரிய எழுத்துக்கு இவ்வளவு மகிமையா? என்னையே தட்டிக் கொடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெரியவர் கடைக்கு வந்த எல்லோரிடமும் போனை நீட்டினார். கண் சோதனைக்கு மருந்து விட்டு உட்கார்ந்திருந்தவரையும் விடவில்லை. அவருக்குச் சுவரே தெரிந்திருக்காது. பாவம், "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார்.

மார்ச் 12

சின்னவர் சரி சொல்லிவிட்டார். "ம், பார்க்கலாம்" என்றாராம். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

பின்னறை, மேசை, நாற்காலி. கவுண்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்துவிட்டாள். கெட்டிக்காரி, ஃபிரேமைச் சூடு காட்டி வளைக்கும்போது கை நடுங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குச் சுவரைப் பிடிக்காமல் நடந்து போனேன். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

மார்ச் 19

இல்லை. இல்லை. இல்லை.

இன்றுதான் ஒன்று கண்ணில் பட்டது. பார்வைகள்தான் இரண்டு மடங்கு. வந்த ஆட்கள் பழைய எண்ணிக்கைதான், ஒருத்தர்கூடக் கூடவில்லை. ஏன்? கணினியில் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, என் போனில் பிளாக்கை ஒரே ஒரு முறை திறந்தேன். இரண்டு என்று காட்டியது. மறுபடி திறந்தேன். நாலு.

பழைய கோட் அடியில அப்படியே இருக்கு. புதுசா ஒண்ணை மேல ஒட்டி வச்சிருக்கேன். ஒரு ஆள் வந்தா ரெண்டும் ஒவ்வொரு தடவை எண்ணுது. திரும்பிப் போனவனைக்கூட ரெண்டு பக்கம் பார்த்தவன்னு சொல்லுது. ஐயோ, இதை வச்சா ஊரெல்லாம் பீத்திக்கிட்டோம்? இதை நம்பித்தானே நாற்காலி கொடுத்தாங்க!

மார்ச் 20

சொல்லவில்லை.

மத்தியானம் கவுண்டர்ப் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். "நீங்க எழுதுறது நல்லாப் போகுதுன்னுதான் எனக்கு வேலை கிடைச்சிருக்குக்கா. ஆறு மாசமா வேலையில்லாம இருந்தேன்" என்றாள். உண்மையைச் சொன்னால் நான் கவுண்டருக்கு, அவள் வீட்டுக்கு. சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியுமே. தினமும் அந்தக் கோட்டைப் பார்க்கப்போவது நான்தானே.

மார்ச் 24

இரண்டு கோட்களில் ஒன்றை எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு பெரியவரிடம் சொல்லியும் விட்டேன்.

போனை எடுத்துக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "திரும்ப ஒட்டிடு" என்றார்.

"அது பொய்ங்க."

"என்ன பொய்? ஆளுக்கு ரெண்டு கண்ணு. ரெண்டு பார்வைதானே கணக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "கடை ஆரம்பிச்சதுலேர்ந்து என் தம்பி முன்னாடி நான் நிமிர்ந்து பேசினது, கோடு ஏறிடுச்சுன்னு சொன்ன அந்த ஒரு நாள்தான்ம்மா" என்றார் மெதுவாக. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. கோபம் வந்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒட்டவில்லை.

மார்ச் 25

கோடு மாடியிலிருந்து விழுந்த மாதிரி கிடக்கிறது. பெரியவர் என் பக்கம் வரவே இல்லை. வீட்டுக்காரர், "உண்மையைச் சொல்லிட்டல்ல, தூங்கு" என்கிறார். அவருக்கென்ன, குறட்டை விட்டுக்கொண்டே ஆறுதல் சொல்வார்.

மார்ச் 27

சின்னவர் பின்னறைக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. வாசலிலேயே நின்றார்.

"அண்ணன் மூணு நாளா நம்பர் சொல்லல. என்னாச்சு?"

அவர் போனில் அந்தக் கருவி கிடையாது. அண்ணன் சொல்லிக் கேட்பதுதான். நான் எழுந்து நின்றேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு கோட், இரண்டு மடங்கு, என் முட்டாள்தனம், பெரியவருக்கு முதலில் எதுவும் தெரியாது என்பதுவரை. அந்தப் பெண்ணை அனுப்ப வேண்டாம், நான் அரை நாள் நிற்கிறேன் என்றும் சொன்னேன்.

"முடிஞ்சுதா?" என்றார். "எங்கண்ணன் எதைச் சொன்னாலும் நான் பாதியாத்தான் எடுத்துப்பேன். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். இதையும் பாதின்னு வச்சுத்தான் கணக்குப் போட்டேன். எழுதினதைப் படிச்சுட்டு எத்தனை பேர் போன்ல ஆர்டர் சொல்றாங்கன்னு பார்த்தேன். ஒரு ஆள் சம்பளத்துக்குக் கட்டுபடியாகுது. அதான் சரின்னேன்."

நான் வலிக்கிற காலை மாற்றி ஊன்றினேன்.

"உட்காருங்க. கால் வலிங்கிறீங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க." போகிறவர் திரும்பி, "பாதின்னு நான் சொன்னதை அண்ணன்கிட்ட சொல்லிக்க வேணாம்" என்றார்.

அப்படியென்றால் எட்டு நாளாக நான் தூங்காமல் கிடந்தது எதற்கு? முன்னாலேயே ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்! அண்ணனும் தம்பியும் நல்லாக் கூத்தடிக்கிறாங்க, நடுவுல நான் செத்துப் பிழைக்கிறேன்.

ஏப்ரல் 4

பெரியவர் போனில் கோடு பார்ப்பதை விட்டுவிட்டார். என்னிடம்தான் கேட்கிறார். இன்றும் வாசலில் தலையை நீட்டி, "எவ்வளவும்மா?" என்றார்.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சுங்க."

தலையாட்டிவிட்டு முன்பக்கம் போனார். தம்பிக்குப் போன் போடுவது கேட்டது. "முந்நூத்தித் தொண்ணூறுடா!" குரலில் அவ்வளவு கம்பீரம்.

நான் எழுந்து போய்த் திருத்தவில்லை. பெட்டிமேல் காலை நீட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.