யாருக்கும் தெரியாத புலமைப்பரிசில்

ஆகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காத்து நிக்கவே இல்ல. காயப்போட்ட உடுப்பெல்லாம் மண். உம்மா திரும்பவும் அலசினா.

சாச்சி வந்தா. கார்மெண்ட் ஃபெக்டரி வேன்ல எனக்கு இடம் சொல்லி வெச்சிட்டாவாம், செப்டம்பர்ல இருந்து. உம்மாவுக்கு நிம்மதி. சும்மா ஈக்கிறதுக்கு ஒரு வேல எண்டா. சும்மாவா இருக்கன்? ஏ.எல். ரிசல்ட் வந்து கெம்பஸ் கிடைக்காமப் போன நாள்ல இருந்து இந்தச் சுவரோடதான் கதை. மூச்சு முட்டுது.

ஃபோன்ல தேடின புலமைப்பரிசில்கள்:
– பேப்பர்ல பெரிசா வந்தது: முழு நாடும் போடும். விடு.
– வெளிநாடு: இங்கிலீஷ் சோதனை. விடு.
– மீனவர் பிள்ளைகளுக்கு: வாப்பா மீன் தின்னுறதோட சரி.

சவர்க்காரம் முடிஞ்சு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிடைச்சிட்டு! உப்பளத்தில வேல செய்றவங்கட மகள்மாருக்கு மட்டும். எப்பவோ மௌத்தான உப்பு முதலாளி ஒராள்ட பேர்ல குடுக்கிறது. கொழும்பில கணக்கியல் டிப்ளோமா, ஹொஸ்டலோட. ஒரே ஒரு இடம். அந்த ஒபிசுக்குக் கோல் எடுத்தன். போன வருசம் ஒருத்தரும் போடல்ல மகள், இடம் சும்மா கிடந்து போச்சு எண்டா அங்க இருந்த மனிசி.

ஆளே இல்லாத வரிசை. நான் மட்டும் நிக்கப் போறன். கடைசித் திகதி 15.

வாப்பாட்ட மட்டும் சொன்னன். உப்பு வெடிச்ச கையால தலையத் தடவினார். ஒருத்தர்ட்டயும் சொல்லாதீங்க எண்டன். ஓம் ஓம் எண்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

அடுத்த வீட்டு ரிஸ்னா வந்து இருந்தா. கூடப் படிச்சவ. அவட வாப்பாவும் அதே உப்பளம். ரிசல்ட் என்ன விட நல்லம். ஃபோனக் கவுத்து வெச்சன். தேத்தண்ணி குடுத்து அனுப்பினன். வெக்கமா இருக்கு. ஆனா சொல்ல மாட்டன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பள்ளி ஸ்பீக்கர் எங்கட குசினி வரைக்கும் கேக்கும். ஜும்ஆ முடிஞ்சு ஹஸ்ரத் துஆ கேட்டார். வழமை போல நோயாளிகள்ட பேர், கடலுக்குப் போனவங்கட பேர். பிறகு எங்கட வாப்பாட பேர்!

"உப்பளத்தில வேல செய்ற நம்மட காசிம் நானாட மகள், உப்பளத் தொழிலாளிகள்ட மகள்மாருக்கு மட்டும் குடுக்கிற புலமைப்பரிசிலுக்குப் போடுறா. யாருக்கும் தெரியாத ஒண்டாம். பதினஞ்சாம் திகதி கடைசி. அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக."

ஊரே ஆமீன் சொன்னிச்சு. தேங்காய் திருவின கை அப்படியே நிண்டுட்டு.

வாப்பா சிரிச்ச முகத்தோட வந்தார். "ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல மகள். துஆ மட்டும்தான் கேக்கச் சொன்னன்."

எப்படி ஏசுற? எனக்காக அவரால செய்ய ஏலுமானது அது ஒண்டுதான். குசினிக்குள்ள போய் அழுதன்.

ஆகஸ்ட் 9, சனி

வாசல் நிறையச் செருப்பு. நீதானே புள்ள இதெல்லாம் அறிஞ்சவ, எங்கட புள்ளக்கும் எழுதிக் குடு. உம்மா தேத்தண்ணி ஊத்தி ஊத்திக் களைச்சிட்டா. சீனி முடிஞ்சு.

மாட்டன் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. எல்லாரும் எனக்கு ஆமீன் சொன்னவங்க.

ஆகஸ்ட் 11, திங்கள்

காத்து. தலையிடி. ரிஸ்னா கடைசியா வந்தா. உனக்கு முன்னமே தெரியுமா எண்டு கேட்டா. ஓம் எண்டன். கதவு வரைக்கும் போனா. பிறகு பக்கத்தில வந்து இருந்தா.

என்னத்துக்குப் படிக்கப் போறீங்க எண்டு ஃபோர்ம்ல அரைப் பக்கம் எழுதோணும். அவ சொன்னா: "உப்பு நிறுத்துக் கணக்குச் சொல்லக்குள்ள வாப்பாக்கு ஒண்டும் விளங்குறல்ல. தலைய ஆட்டிட்டு வந்துடுவார். பக்கத்தில நிண்டு கேக்க ஒராள் வேணும்." அத அப்படியே எழுதினன். நல்லா எழுதினன்.

என்டது இன்னும் அரைகுறை. இங்க இருந்து போகோணும் எண்டதத் தவிர ஒண்டும் வருதில்ல.

ஆகஸ்ட் 13, புதன்

வாப்பா எல்லார்ட கடிதத்தையும் சைக்கிள்ல கட்டிட்டு தபால் கந்தோருக்குப் போனார். என்டதும் அதுக்குள்ளதான். பிஸ்மி சொல்லிப் போட்டாராம்.

பின்னேரம் சாச்சி கோல் எடுத்தா. வேன்ல இன்னொரு இடம் ஈக்காம், ரிஸ்னாவுக்கும் சொல்லி வைக்கவா எண்டு கேட்டா.

வேணாம் எண்டன். அவ கொழும்புக்குப் போவா.