சொரிமுத்துப் பூட்டனைப் பற்றி ஒரு வரி

12 ஜனவரி 2025, ஞாயிறு

சென்னைத் திரைப்படச் சங்கத்திலிருந்து முத்துக்குமரன் மறுபடியும் போன் செய்தார். ஊமைப்பட நடிகர்களைப் பற்றிய புத்தகத்தில் என் பூட்டன், அப்பாவின் தாத்தா, சொரிமுத்துவுக்கு இரண்டு பக்கமாம். மாதக் கடைசிக்குள் வேண்டும். என்னிடம் என்ன இருக்கிறது? பதினொரு சிரிப்புப் படத்தில் நடித்தார் என்ற வீட்டுப் பேச்சும் நான்கு நோட்டீஸும்தான். படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முகமே தெரியாத ஆளைப் பற்றி எழுத நான் என்ன ஜோசியக்காரியா?

19 ஜனவரி

நான்கில் நைந்துபோன ஒரு நோட்டீஸை லென்ஸ் வைத்துப் படித்தேன். "உடன்குடி பனையேறி சொரிமுத்து விழும் அழகைக் காணத் தவறாதீர்!"

அட! மரம் ஏறியவர்! அதனால்தான் அப்படி விழ முடிந்திருக்கிறது. ஐந்து வருடத் தேடலில் உருப்படியாய்க் கிடைத்த ஒரே வரி.

25 ஜனவரி

உடன்குடிக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். புத்தி கெட்டவள் நான். கருப்பட்டிக் கடையில் ஆள் நிற்கும்போதே கத்தினார்.

"ஏளா, ரெண்டு தலைமுறையா யாவாரம் பண்ணுதோம். இப்பப் போயி பனையேறின்னு அச்சடிக்கப் போறியா? நடிகர்னு எழுது, போதும்."

கருப்பட்டி மட்டும் எங்கிருந்து வந்ததாம்? வானத்திலிருந்தா? விற்கலாம், ஏறியதைச் சொல்லக் கூடாது — என்ன நியாயமோ. கேட்காமலே தூத்துக்குடி வீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறிவிட்டேன்.

31 ஜனவரி

அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். கோழை.

6 ஏப்ரல்

புத்தகம் வந்தது. "சிறந்த நகைச்சுவை நடிகர்." யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆத்திரமாய் வருகிறது.

13 ஏப்ரல்

வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றில் நாற்பது வினாடிப் படத்துண்டு கிடைத்ததென்று முத்துக்குமரன் அனுப்பியிருந்தார். தொடக்கத்தில் பூட்டன் பெயர். கடையில் வைத்து அப்பாவுக்குக் காட்டினேன்.

நாய் துரத்துகிறது. கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடையோடு பூட்டன் ஓடி வந்து, கயிறில்லாமல் விறுவிறுவென்று பனையில் ஏறுகிறார். குடை விழுகிறது. அதை எட்டிப் பிடிக்கப் போய் அவரும் விழுகிறார்.

அப்பா ஏழு தடவை பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தெருவில் போனவரைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இங்கன வாங்க! எங்க தாத்தா. பனையேறி. கோட்டப் போட்டுக்கிட்டு ஏறுதாரு பாருங்க!"

அவருக்குக் காட்டப் புத்தகத்தையும் விரித்தார். இரண்டு பக்கத்திலும் விரலை ஓட்டினார்.

"பனையேறின்னு எங்கனளா எழுதிருக்க?"

"நீங்கதானப்பா வேண்டாம்னு சொன்னிய."

"நான் சொன்னா? நீ படிச்சவதான?"

அழுவதா சிரிப்பதா? ஐந்நூறு பிரதியும் அச்சாகிவிட்டது. கடையிலிருக்கும் ஒன்றில் மட்டும், 'நடிகர்' என்பதற்கு முன்னால், அப்பாவின் கோணல் எழுத்தில் 'பனையேறி' என்று இருக்கிறது.